வெள்ளத்தில் நனைந்த வீடுகளைச் சரிசெய்ய சபைக் குழுவோடு போகலாமா?

"புயலுக்குப் பிறகு வீடுகளைப் பழுதுபார்க்கப் போகும் சபைத் தன்னார்வக் குழுவில் சேர ஆசை. கட்டட வேலை எதுவும் தெரியாது. போனால் பிரயோஜனமாக இருப்பேனா? எப்போது போவது நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண்டிப்பாகப் போங்கள். வேலை தெரியாதது ஒரு தடையே இல்லை. ஆனால் முதல் வாரத்திலேயே போக முடியவில்லையே என்று தவிக்காதீர்கள். ஐந்தாறு மாதம் கழித்துப் போனாலும் வேலை இருக்கும், அப்போது ஆள்தான் இருக்காது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தை ஹார்வி புயல் தாக்கிய பிறகு, டாலஸில் இருக்கும் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையிலிருந்து, அதே மாநிலத்தில் இருக்கும் ஹூஸ்டனுக்கு இரண்டு முறை போய்வந்தோம். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஹார்வி 2017 ஆகஸ்ட் 25 இரவு டெக்சஸ் கடற்கரை ஊரான ராக்போர்ட் அருகே கரையைக் கடந்தது. அடித்த காற்றைவிட, நகராமல் நின்று நாள்கணக்கில் பெய்த மழைதான் ஹூஸ்டனைக் கெடுத்தது. பல இடங்களில் 40 அங்குலத்துக்கு மேல். டெக்சஸிலேயே இருக்கும் நெடர்லாண்ட் என்ற ஊரில் 60 அங்குலத்தைத் தாண்டியது. வெள்ளத்தையே பார்க்காத தெருக்களுக்குள்ளும் தண்ணீர் வந்தது. அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது, அதற்குத் தனி பாலிசி வேண்டும். நாங்கள் போன தெருவில் அநேகம் பேரிடம் அது இல்லை. ஃபீமா என்ற மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பு தரும் தொகைக்கு அந்த ஆண்டு உச்சவரம்பு 33,300 டாலர். எல்லோருக்கும் அவ்வளவு வருவதுமில்லை. அதனால்தான் சபைக் குழுக்களுக்கு அத்தனை வேலை இருந்தது.

செப்டம்பர் இரண்டாம் வாரம் முதல் தடவை போனோம். பதினோரு பேர், அதில் சுத்தியல் பிடித்துப் பழகியவர்கள் மூன்று பேர். எங்களுக்குக் கொடுத்த வீடு வடகிழக்கு ஹூஸ்டனில், தனியாக வாழும் ஒரு மூதாட்டியுடையது. தண்ணீர் ஓர் அடிதான் நின்றதாம். அப்புறம் ஏன் நாலு அடி உயரத்துக்குச் சுவரை வெட்ட வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. அங்கே உட்சுவர் செங்கல் இல்லை. மரச்சட்டங்களின் மேல் அறைந்த ஜிப்சம் பலகை, டிரைவால் என்பார்கள். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அது தண்ணீரை மேலே இழுத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் இன்சுலேஷன் பஞ்சும் ஊறிப்போகும். ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். சரியாக நாலு அடியில் வெட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: புதுப் பலகையின் அகலம் நாலு அடி. படுக்கைவாட்டில் வைத்தால் வெட்டாமல் அப்படியே பொருந்தும்.

குழுத் தலைவராக வந்த அங்கிள் முதலில் எங்களைச் சுவரைத் தொடவே விடவில்லை. மின்சாரம் துண்டித்திருக்கிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு அறையையும் படம் எடுக்கச் சொன்னார், நிவாரண விண்ணப்பத்துக்கு அது வேண்டும். பிரிட்ஜைத் திறக்கவே கூடாது, டேப் சுற்றி அப்படியே வெளியே தூக்க வேண்டும் என்றார். இரண்டு வாரம் மின்சாரம் இல்லாத பிரிட்ஜுக்குள் என்ன இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கடைசியாக, "இங்கே குப்பை என்று எதையும் சொல்லாதீர்கள். எல்லாம் அவங்க சாமான்" என்றார். நான் அங்கே கற்றுக்கொண்டதில் பெரியது இதுதான்.

அந்த அம்மா வாசலில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கொண்டுவரும் ஒவ்வொன்றையும் பார்த்து, தூக்கிப்போடத் தெருவோரமா, எடுத்துவைக்கக் கொட்டகையா என்று அவர்தான் சொல்ல வேண்டும். சோஃபா, மெத்தை எல்லாம் சட்டென்று போயின. அப்புறம் நான் ஒரு ஆல்பத்தைக் கொண்டுபோனேன். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி கனத்தது. அவர் மடியில் வைத்து, நகத்தால் ஓரத்தை மெல்ல நெம்பினார். ஒரு படம் பிரிந்து வந்தது. முகங்கள் கரைந்துபோயிருந்தன, கல்யாண உடையின் கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தது. "இது என் அக்கா" என்றார். உள்ளே வேலை கிடந்தது, ஆனால் நான் நகரவில்லை. அரைமணி நேரம் அவரோடு உட்கார்ந்து, பிரிந்து வந்த படங்களை ஒவ்வொன்றாகத் துணியின் மேல் பரப்பினேன். அங்கிள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டட வேலை தெரியாது என்கிறீர்களே, இந்த வேலைக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம். இதைச் செய்யவும் ஆள் வேண்டும்.

இரண்டு நாளில் சுவர், இன்சுலேஷன், தரைவிரிப்பு எல்லாம் வெளியே போயின. சட்டங்களைச் சோப்புத் தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் தேய்த்தோம். நல்ல மாஸ்க், கையுறை, தடித்த அடியுள்ள பூட்ஸ் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். கிளம்பும் முன் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். தினமும் வருகைத் தாளில் கையெழுத்துப் போட மறக்காதீர்கள். தன்னார்வலர்கள் உழைத்த மணிநேரத்தை உள்ளூர் அரசு பேரிடர்ச் செலவில் தான் போட வேண்டிய பங்கில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. நான் முதல் நாள் அதைச் சும்மா சம்பிரதாயம் என்று நினைத்துவிட்டேன்.

வீட்டை வெறும் எலும்புக்கூடாக விட்டுவிட்டுக் கிளம்ப மனசே வரவில்லை. ஆனால் அவசரப்பட்டு மூடக்கூடாது. மரத்தின் ஈரப்பதத்தை இரண்டு ஊசி உள்ள ஒரு சின்ன மீட்டரால் அளப்பார்கள். சுமார் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பலகை அறைந்தால் பூஞ்சை சுவருக்குள்ளேயே வளரும், எல்லாவற்றையும் மறுபடி பிய்க்க வேண்டியதுதான்.

மரம் காய வாரக்கணக்கு போதும். பொருளும் ஆளும் வரத்தான் மாதக்கணக்கு ஆனது. செப்டம்பரில் அந்தத் தெருவில் மட்டும் நாலைந்து சபைக் குழுக்கள் இருந்தன. மெதடிஸ்ட்காரர்கள், பாப்டிஸ்ட்காரர்கள், கலர் கலராகச் சட்டைகள், மதியச் சாப்பாடு கொண்டுவர ஒரு வண்டி. 2018 மார்ச்சில் நாங்கள் திரும்பப் போனபோது எங்களைத் தவிர யாரும் இல்லை. அந்த அம்மா அதே வீட்டில், ஒரே அறையில், சட்டங்களுக்கு நடுவே போர்வைகளைத் தொங்கவிட்டுக் குளிர்காலத்தைக் கழித்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த முறை ஏழு பேர்தான். பலகை அறைவது, இணைப்புகளில் டேப் ஒட்டிப் பட்டி பார்ப்பது, தேய்ப்பது, மறுபடி பட்டி. மெதுவான வேலை, படம் எடுத்துப் போட அதில் ஒன்றுமே இருக்காது. பலகையைத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி அறைய வேண்டும், இல்லாவிட்டால் தரை ஈரத்தைத் திரும்ப உறிஞ்சும். நான் பட்டி தேய்க்கக் கற்றுக்கொண்டதே அங்கேதான், முதல் சுவர் மேடும் பள்ளமுமாக வந்தது. அங்கிள் பொறுமையாகத் திரும்பச் செய்ய வைத்தார்.

கடைசிச் சுவரை மூடும் முன், சட்டத்தின் மேல் எங்கள் பெயர்களை எங்கள் எழுத்திலேயே எழுதச் சொன்னார் அந்த அம்மா. மார்க்கரால் தமிழில் எழுதினோம். அவர் தன் பெயரையும் அப்படியே எழுதிக்காட்டச் சொல்லி, விரலால் தடவிப் பார்த்தார்.

சரி, எப்போது போவது? உங்கள் சபையில் இப்போது குழு கிளம்பினால் போய்வாருங்கள். போகும்போதே அங்கே நீண்டகால மறுசீரமைப்பை யார் நடத்துகிறார்கள் என்று விசாரித்து, நம்பரை வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டு, பட்டி தேய்க்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள்.