கோல் அடிப்பவர், ஆனால் ஒத்துப்போகாதவர்: அணியில் எடுக்கலாமா?

கேள்வி: மாவட்டக் கால்பந்து லீகில் ஆடும் எங்கள் அணிக்கு இந்த சீசனில் 34 பேர் செலக்‌ஷனுக்கு வந்திருக்கிறார்கள். 20 பேரைத்தான் எடுக்கப்போகிறோம். போன சீசனில் எங்களுக்கு அதிக கோல் அடித்த ஸ்டிரைக்கர் பயிற்சிக்குத் தாமதமாக வருகிறார். பந்து வராவிட்டால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்துகிறார். அவர் இருந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று இரண்டு மிட்ஃபீல்டர்கள் (நடுக்கள ஆட்டக்காரர்கள்) சொல்லிவிட்டார்கள். ஆட்டத்தைப் பார்ப்பதா, குணத்தைப் பார்ப்பதா?

பதில்: இரண்டையும் பார்க்க வேண்டும். ஆனால் 20 இடத்துக்கும் ஒரே அளவுகோல் கூடாது. முதல் 11 பேருக்கு ஆட்டம்தான் முதல் தகுதி. 12 முதல் 15 வரை, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் ஆடத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். 16 முதல் 20 வரை உள்ள இடங்களுக்குத்தான் குணம் முதல் தகுதி. பெரும்பாலான அணிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. நட்சத்திர ஆட்டக்காரரின் குணத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிவிட்டு, கடைசி ஐந்து இடத்தை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடுவார்கள். அந்த ஐந்து பேர்தான் சீசன் முழுக்க பெஞ்சில் உட்காரப்போகிறவர்கள். ஆட வாய்ப்பில்லாத ஒருவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பயிற்சிக்கு வந்தால், எதிரில் ஆடும் முதல் 11 பேருக்கு அன்றைய பயிற்சியும் வீண்.

2018 உலகக் கோப்பையில் பிரான்ஸின் 23 பேரில் அடில் ரமி ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. ஆனாலும் கோப்பை வென்ற அந்த அணியின் கலகலப்புக்கு அவர் ஒரு முக்கியக் காரணம். ராசிக்காக அவர் மீசையைத் தொட்டுவிட்டுப் போவது சக வீரர்களின் வழக்கமாகவே ஆனது. அதே நேரத்தில், 23 பேரில் யாருக்காவது காயம் என்றால் அழைப்பதற்கான மாற்றுப் பட்டியலில் வைக்கப்பட்ட அட்ரியன் ரபியோ அந்த இடம் வேண்டாம் என்று மின்னஞ்சல் அனுப்பினார். ரபியோ நல்ல மிட்ஃபீல்டர், அதில் சந்தேகமில்லை. ஆனால் காத்திருக்கும் இடத்துக்கு வேண்டிய தகுதி வேறு என்பதை இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

இனி உங்கள் ஸ்டிரைக்கர் விஷயம். முடிவெடுக்கும் முன், ‘கெமிஸ்ட்ரி’ என்று நாம் பொதுவாகச் சொல்வதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று மைதானத்துக்குள் இருக்கும் புரிதல், மற்றொன்று மைதானத்துக்கு வெளியே இருக்கும் பழக்கம். இரண்டும் ஒன்றல்ல. ஒன்றாக டீ குடிக்கப் போகும் இருவர் களத்தில் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் ஆடலாம். பேச்சே இல்லாத இரண்டு சென்டர் பேக்குகள் (நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள்) கயிறு கட்டியதுபோல ஒரே கோட்டில் நகரலாம்.

களப் புரிதல் பெரும்பாலும் சேர்ந்து ஆடிய நிமிடங்களால் வருவது. இடது பக்கத் தடுப்பாட்டக்காரரான லெஃப்ட் பேக் மேலே ஏறுகிறார். அதே பக்கம் முன்னால் பந்து வைத்திருக்கும் லெஃப்ட் விங்கர் உள்ளே திரும்பி ஷாட் அடித்து, பந்தை இழக்கிறார். இப்போது லெஃப்ட் பேக் 50 மீட்டர் திரும்பி ஓட வேண்டும். விங்கரும் கூடவே ஓடி வந்தால் பரவாயில்லை. இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டால், இரண்டு முறை பொறுப்பார், மூன்று முறை பொறுப்பார், நான்காவது முறை லெஃப்ட் பேக் மேலே ஏறவே மாட்டார். யாரும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள், ஆனால் உங்கள் இடது பக்கத் தாக்குதல் செத்துப்போயிருக்கும். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு லெஃப்ட் பேக் சோம்பேறியாகத் தெரிவார். ஆகவே ஆட்களைத் தனித்தனியாக மதிப்பிட்டால் மட்டும் போதாது, ஜோடியாகவும் மதிப்பிடுங்கள்: கோல்கீப்பரும் சென்டர் பேக்குகளும், பேக்கும் அதே பக்க விங்கரும், பந்து கொடுக்கும் மிட்ஃபீல்டரும் ஸ்டிரைக்கரும். இந்த ஜோடிகளில் நன்றாக ஓடுவதைப் பிரிக்க வேண்டுமென்றால், புதிதாக வருபவர் கொஞ்சம் மேலானவராக இருந்தால் போதாது. கண்ணுக்குத் தெரிகிற அளவு மேலானவராக இருக்க வேண்டும்.

உங்களிடம் இருப்பது எந்தச் சிக்கல் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பயிற்சி ஆட்டம் ஒன்றை உயரமான இடத்திலிருந்து போனில் 60 நிமிடம் படம் பிடியுங்கள். முதல் 30 நிமிடம் அந்த ஸ்டிரைக்கர், அடுத்த 30 நிமிடம் அதே இடத்தில் வேறொருவர். மற்றவர்களை மாற்றாதீர்கள். எதற்காகப் படம் பிடிக்கிறீர்கள் என்று சொல்லவும் வேண்டாம். பிறகு உட்கார்ந்து, அந்த இரண்டு மிட்ஃபீல்டர்களும் முன்னால் ஆள் காலியாக நிற்பதைப் பார்த்தும் பந்தைப் பக்கத்திலோ பின்னாலோ தள்ளிய தடவைகளை எண்ணுங்கள். மொத்த பாஸ்களை எண்ணிப் பயனில்லை, கொடுத்திருக்கக்கூடியதைக் கொடுக்காத தடவைதான் கணக்கு. இரண்டு பாதியிலும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், அவர்களுக்கு முன்னால் பார்த்துக் கொடுக்கத் தெரியவில்லை. கற்றுக்கொடுக்க வேண்டியது உங்கள் வேலை. ஸ்டிரைக்கர் கத்துவதில் நியாயமும் இருக்கிறது. முதல் பாதியில் மட்டும் அதிகமாக இருந்தால், வேண்டுமென்றே அவருக்குப் பந்து கொடுக்காமல் விடுகிறார்கள். அப்போது குணப் பிரச்சினை ஒருவரிடம் மட்டும் இல்லை, மூன்று பேரிடமும் இருக்கிறது.

குணத்தை மதிப்பிடும்போது ‘திமிர் பிடித்தவர்’, ‘நல்ல பையன்’ என்ற சொற்களை நோட்டில் எழுதவே கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். குறைந்தது 10 பயிற்சி நாட்களுக்கு ஐந்து விஷயங்கள் போதும்: வந்த நேரம், பந்தை இழந்த அடுத்த ஐந்து வினாடியில் என்ன செய்தார், சக வீரர் தப்பு செய்தபோது என்ன செய்தார், வெளியே அழைத்தபோது எப்படி வந்தார், இரண்டாவது அணியில் போட்டபோது எப்படி ஆடினார். கடைசியில் உள்ளதுதான் மிகவும் காட்டிக்கொடுக்கும். நோட்டைப் பயிற்சியாளர் எழுதக் கூடாது, உதவிப் பயிற்சியாளரோ மேலாளரோ எழுதட்டும். 34 பேருக்கும் எழுதட்டும். ஒருவரைப் பற்றி மட்டும் எழுதினால் அது மதிப்பீடாகாது, குற்றப்பத்திரிகை ஆகிவிடும். நமக்குப் பிடிக்காத ஆளின் ஒரு நாள் கோபம் மனசில் நிற்கும், பிடித்தவரின் பத்து நாள் தாமதம் நிற்காது. அதற்குத்தான் நோட்டு.

இதோடு ஒரு பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 40-க்கு 25 மீட்டர் கட்டத்தில் ஐவருக்கு ஐவர், சின்ன கோல், கோல்கீப்பர் இல்லை, நான்கு நிமிட ஆட்டம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அணிகளைக் கலைத்துப் புதிதாகப் பிரியுங்கள். வென்ற பக்கத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் 3 புள்ளி, டிரா என்றால் எல்லோருக்கும் 1. ஒரு நாளைக்கு ஆறு ஆட்டம், மூன்று நாள், மொத்தம் 18. ஆறோடு நிறுத்தினால் அதிர்ஷ்டம்தான் பேசும். யாரோடு சேர்த்தாலும் அந்தப் பக்கமே ஜெயிக்கிறது என்று சிலர் மேலே வருவார்கள். அவர்களில் அதிக கோல் அடிக்காத ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரை விட்டுவிடாதீர்கள். உங்கள் ஸ்டிரைக்கர் கோல் அடித்தும் பட்டியலில் கீழே கிடந்தால், அவர் கோலுக்கு அணி வேறு வழியில் விலை கொடுக்கிறது.

வீரர்களிடமும் கேளுங்கள், ஆனால் கேள்வியில் கவனம் வேண்டும். ‘யார் வேண்டாம்?’ என்று கேட்டால் தெரு, சாதி, கல்லூரி செட் எல்லாம் சீட்டில் இறங்கிவிடும். ‘ஒரு கோல் பின்தங்கி, 15 நிமிடம் மிச்சம். பக்கத்தில் யார் மூவர் வேண்டும்?’ என்று கேட்டுப் பெயர் போடாத சீட்டு வாங்குங்கள். கத்துகிறார் என்று குறை சொன்னவர்களே அந்த ஸ்டிரைக்கர் பெயரை எழுதியிருக்கக்கூடும். மூன்று பேர் கொண்ட ஒரு கூட்டம் ஒருவரையொருவர் மட்டுமே எழுதியிருந்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்படிக் கூட்டம் இருப்பதற்காக யாரையும் நீக்க வேண்டாம். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது அறையைக் கலைத்துப் போட்டாலே பாதி சரியாகும். 2014-இல் ஜெர்மனி பிரேசிலின் காம்போ பாஹியா முகாமில் அதைத்தான் செய்தது: பேயர்ன், டோர்ட்மண்ட் கிளப்களின் வீரர்கள் தனித்தனிக் கூட்டமாக ஒதுங்காதபடி வீடுகளில் கலந்து தங்கவைத்தது.

கோபப்படுகிறவரை ஒதுக்கும் முன், எதற்காகக் கோபப்படுகிறார் என்று பாருங்கள். 2002 உலகக் கோப்பைக்கு முன் சைபான் தீவில் அயர்லாந்து கேப்டன் ராய் கீன் பயிற்சியாளர் மிக் மெக்கார்த்தியோடு மோதி வீடு திரும்பினார். அதற்கு முன் அவர் சொன்ன குறைகள்: மைதானம் கட்டாந்தரையாக இருக்கிறது, பயிற்சிச் சாமான்கள் வந்து சேரவில்லை. அவர் பேசிய விதம் வேறு விஷயம், ஆனால் குறை நிஜம். அவர் இல்லாமலும் அயர்லாந்து இரண்டாம் சுற்று வரை போய், ஸ்பெயினிடம் பெனால்டியில்தான் தோற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தரம் வேண்டும் என்று கத்துகிறவரும் தனக்கு வேண்டும் என்று கத்துகிறவரும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரிவார்கள். உங்களிடம் உள்ளவர் அணி ஜெயித்து, தான் கோல் அடிக்காத நாளில் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். தெரிந்துவிடும்.

என் கருத்து: பந்தை இழந்ததும் துரத்துகிறார், 18 ஆட்டப் பட்டியலில் மேல் பாதியில் இருக்கிறார், தாமதமும் கத்தலும்தான் குறை என்றால், நிபந்தனையோடு எடுங்கள். இரண்டாவது அணியில் போட்டால் நடந்து ஆடுகிறார், சின்னவர்கள் தப்பு செய்தால் அவமானப்படுத்துகிறார் என்றால் விட்டுவிடுங்கள்; முதல் வகையைத் திருத்தலாம், இரண்டாவதை ஒரு சீசனுக்குள் திருத்த முடியாது. நிபந்தனையோடு எடுக்கும் இப்படிப்பட்டவர் ஓர் அணியில் ஒருவர் இருக்கலாம். அவர் மதிக்கும் மூத்த வீரர் குறைந்தது இருவராவது இருக்க வேண்டும். ‘பொறுப்பு கொடுத்தால் திருந்துவார்’ என்று அவரையே கேப்டன் ஆக்கும் யோசனை வேண்டாம்.

நிபந்தனையை ஒரு தாளில் மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள். பயிற்சிக்கு 10 நிமிடம் முன்னால் வர வேண்டும். பந்து வராவிட்டால் கை விரிக்காமல், ஆட்டம் அடுத்து நிற்கும்போது கொடுக்காதவர் அருகே போய்ச் சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் இரண்டு தாமதம் என்றால் அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் தொடங்குவார். இதே விதி 20 பேருக்கும். அரையிறுதி வந்ததும் ‘இந்த ஒரு மேட்ச் மட்டும்’ என்று தளர்த்தும்போதுதான் எல்லாம் உடைகிறது. அன்று நீங்கள் அவரை மட்டுமல்ல, ஒழுங்காக வந்த 19 பேரையும் இழக்கிறீர்கள்.

முடிவைப் பட்டியல் போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். போட்டி நடுவில் ஒருவரை வெளியேற்றுவதன் விலை அதிகம். 2010 உலகக் கோப்பையில் மெக்சிகோ ஆட்டத்தின் இடைவேளையில் பயிற்சியாளர் டொமெனெக்கைத் திட்டியதற்காக நிக்கோலா அனெல்காவை பிரான்ஸ் வீட்டுக்கு அனுப்பியது. மறுநாள் தென்னாப்பிரிக்காவின் நைஸ்னாவில் மற்ற வீரர்கள் பயிற்சிக்கு இறங்க மறுத்துப் பேருந்தில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரே ஒரு புள்ளியோடு அணி ஊர் திரும்பியது.

விடுவது என்று முடிவானால், வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் வருவதற்கு முந்தின நாளே நேரில் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். நோட்டில் உள்ள தேதியோடு இரண்டு சம்பவத்தைச் சொல்லுங்கள், குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். எப்போது மறுபடி பார்ப்பீர்கள் என்றும் சொல்லுங்கள். எட்கர் டேவிட்ஸை 1996 யூரோவின் நடுவில் நெதர்லாந்து பயிற்சியாளர் ஹிடிங்க் திருப்பி அனுப்பினார். அதே ஹிடிங்க் 1998 உலகக் கோப்பைக்கு அவரைத் திரும்ப எடுத்தார். யூகோஸ்லாவியாவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் வெற்றி கோலை அடித்தவர் டேவிட்ஸ்தான்.

அந்த இரண்டு மிட்ஃபீல்டர்களையும் தனித்தனியாகக் கூப்பிடுங்கள், சேர்த்து வேண்டாம். ‘வரமாட்டோம்’ என்ற மிரட்டலுக்காக முடிவு மாறாது என்பதை முதலிலேயே தெளிவாக்குங்கள். பிறகு என்ன நடந்தது என்று கேட்டு, நாளும் சம்பவமுமாகக் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோவில் அவர்கள் வேண்டுமென்றே பந்து கொடுக்காமல் விட்டது தெரிந்திருந்தால், அந்த இடத்தை ஓடவிட்டுக் காட்டுங்கள். அவர்களுக்கும் அதே மூன்று வரித் தாள்தான்.