ரோபோ வந்தாயிற்று, சர்ஜனுக்கு அனுமதி வந்ததா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. கவட்டையில் ஒரு பக்கம் ஹெர்னியா. வழக்கமாகப் பார்க்கும் சர்ஜன், “புதிதாக ரோபோ வந்திருக்கிறது, அதிலேயே செய்துவிடலாம்” என்கிறார். அவருடைய பயிற்சிச் சான்றிதழை ஆஸ்பத்திரி ஒருங்கிணைப்பாளர் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினார். அது போதுமா? ஆஸ்பத்திரியே எல்லாவற்றையும் சோதித்துத்தானே விடும்?

பதில்: போதாது. அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். கீழே கருவி விற்கும் கம்பெனியின் முத்திரை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சிமுலேட்டர் என்ற பயிற்சிக் கணினியில் சில மணி நேரம், பன்றியின் மேலோ தானமாக வந்த உடலின் மேலோ ஒரு நாள், அப்புறம் கைகுலுக்கி ஒரு போட்டோ. கருவியை இயக்கத் தெரிந்துகொண்டார் என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். இந்த ஆஸ்பத்திரியில் உங்கள் அப்பாவுக்கு இந்த ஆபரேஷனைச் செய்ய அவருக்கு அனுமதி இருக்கிறதா என்று அதில் எழுதியிருக்காது.

அனுமதி என்பது தனிக் கதை. ஒரு டாக்டரைச் சேர்க்கும்போது ஆஸ்பத்திரி இரண்டு வேலை செய்ய வேண்டும். முதலாவது, ஆள் யார் என்று பார்ப்பது: பட்டம், பதிவு, முன்பு வேலை பார்த்த இடம், அவர் மேல் இருக்கும் புகார்கள். இதைப் பெரும்பாலும் ஒழுங்காகவே செய்கிறார்கள். இரண்டாவது, இவர் இங்கே என்னென்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுப்பது. ‘பொது அறுவை சிகிச்சை’ என்று மொத்தமாக எழுதிவிட்டால் ரோபோவும் அதற்குள் அடங்கிவிட்டதாகச் சிலர் வாதாடுவார்கள். அடங்காது.

புதிய முறை என்றால் இன்னொரு கேள்வி அதற்கும் முன்னால் வர வேண்டும். இதை நம் ஆஸ்பத்திரியில் செய்யத்தான் வேண்டுமா? தியேட்டர் நர்ஸுகளுக்குப் பயிற்சி ஆயிற்றா, நடுவில் ரோபோ நின்றுபோனால் வயிற்றைத் திறந்து முடிக்க ஆள் உண்டா, மயக்க மருந்து டாக்டர் என்ன சொல்கிறார்? இதெல்லாம் முடிந்த பிறகுதான் ‘யார் செய்வது’ என்ற பேச்சே. நடப்பது தலைகீழ். முதலில் கருவி வாங்குவார்கள், அப்புறம் விளம்பரம், கடைசியில் அனுமதி கொடுக்கும் கமிட்டி.

இப்படிப்பட்ட கமிட்டிகளில் நான் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கூட்டத்தில் புதிய முறைக்கான விண்ணப்பம் ஏழாவது பொருளாக வந்தது. கோப்பில் இருந்தது ஒரே ஒரு தாள். “இதுவரை எத்தனை செய்திருக்கிறார்?” என்று கேட்டேன். “நல்ல டாக்டர் சார்” என்று பதில். வெளியே வந்தால், கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் அதே டாக்டர் ரோபோவோடு நிற்கும் ஆளுயர பேனர். நாங்கள் கையெழுத்துப் போடும் முன்பே மாட்டிவிட்டார்கள்.

எண்ணிக்கையை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறேன் என்றால், பித்தப்பை கற்றுக்கொடுத்த பாடம். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டு, பித்தப்பையை முதலில் எடுத்தவர் எரிக் மூஹே, 1985-ல், ஜெர்மனியில். ஐந்தாறு வருடத்துக்குள் உலகமே அதன் பின்னால் ஓடியது. சனி, ஞாயிறு வகுப்புக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை நோயாளியின் மேல் கை வைத்தவர்கள் இருந்தார்கள். பித்தக்குழாய்கள் வெட்டுப்பட்டன. நியூயார்க் மாநில சுகாதாரத் துறை 1992-ல் தலையிட்டு, தனியாகச் செய்யும் முன் 15 ஆபரேஷனாவது மேற்பார்வையில் செய்திருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டி வந்தது. 1995-ல் வந்த ஓர் ஆய்வு 55 சர்ஜன்களின் 8,839 ஆபரேஷன்களைக் கணக்கெடுத்தது. பித்தக்குழாய்க் காயங்களில் 90 சதவீதம் அந்தந்த சர்ஜனின் முதல் 30 ஆபரேஷன்களுக்குள் நடந்தவை. முதல் ஆளுக்குக் காயம் படும் வாய்ப்பு 1.7 சதவீதம், ஐம்பதாவது ஆளுக்கு 0.17 சதவீதம். அப்பா எத்தனையாவது ஆள் என்று கேட்பது மரியாதைக் குறைவே இல்லை.

“அரசே ஒப்புதல் கொடுத்த கருவி” என்பார்கள். அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் ஒப்புதல் கொடுக்கும் எஃப்.டி.ஏ. 2000-ல் டா வின்சி என்ற அறுவை சிகிச்சை ரோபோவை அனுமதித்தது உண்மை. அந்த ஒப்புதல் இயந்திரத்துக்கு. சர்ஜனுக்குப் பயிற்சி போதுமா என்று பார்ப்பது எஃப்.டி.ஏ.யின் வேலை இல்லை, ஆஸ்பத்திரியின் வேலை. கை தேர்ந்தவர் செய்தாலும் முறையே சரியில்லாமல் போகலாம் என்பது வேறு விஷயம். கருப்பை வாய்ப் புற்றுநோயின் ஆரம்ப நிலையில் 631 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. சிறு துளை வழியாக ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு, வயிற்றைத் திறந்து செய்துகொண்டவர்களைவிட நோய் அதிகம் திரும்பியது, இறப்பும் அதிகம். அதற்குள் எத்தனையோ ஆஸ்பத்திரிகள் அந்த முறைக்கு அனுமதி கொடுத்து வருடக்கணக்காகியிருந்தது.

சரி, ஒழுங்கான இடத்தில் என்ன செய்வார்கள்? முதல் சில ஆபரேஷன்களுக்கு அனுபவமுள்ள ஒருவரைக் கூட நிறுத்துவார்கள். பிராக்டர் என்று பெயர். அவர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகே தனியாகச் செய்ய விடுவார்கள். இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். அந்த பிராக்டரை அனுப்புவது யார், அவருக்குப் பணம் கொடுப்பது யார்? பல சமயம் கருவிக் கம்பெனி. ரோபோ விற்பவர் அனுப்பும் ஆள், “இவருக்கு இன்னும் கை வரவில்லை” என்று எழுதுவாரா? எழுதுகிற நேர்மையான மனிதர்களும் உண்டு, ஆனால் ஒரு முறையை அவர்களை நம்பி நடத்த முடியாது. தியேட்டருக்குள் கம்பெனிப் பிரதிநிதி வேறு நின்றுகொண்டு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவர் டாக்டர் இல்லை. உங்களுக்குப் படம் அனுப்பிய ஒருங்கிணைப்பாளரும் அப்படித்தான். அவருடைய சம்பளத்தில் எவ்வளவு, சேர்க்கும் நோயாளியின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார். அவரிடம் மருத்துவக் கேள்வி எதுவும் கேட்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். உயிரோ உறுப்போ போகும் நிலையில், பட்டியலில் அனுமதி இல்லாத வேலையையும் அங்கிருக்கும் டாக்டர் செய்யலாம். அப்போது யாரும் கமிட்டியைக் கூட்டமாட்டார்கள், கூட்டவும் கூடாது. ஹெர்னியாவில் இந்த நிலை வரக்கூடியதுதான். வீக்கம் உள்ளே போகாமல் இறுகி நிற்கிறது, தாங்க முடியாத வலி, வாந்தி, மேலே தோல் சிவக்கிறது என்றால் குடல் நெரிபடுகிறது என்று அர்த்தம். என் கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கிட்ட இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சான்றிதழ் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். ஆனால் “இந்த மாதத்துக்குள் பதிவு செய்தால்தான் தேதி கிடைக்கும்” என்பது அவசரம் இல்லை. “பிராக்டர் வியாழக்கிழமைதான் வருகிறார், அன்றைக்கே முடித்துவிடலாம்” என்பதும் அவசரம் இல்லை, அது அவர்களுடைய வசதி. இருமும்போது துருத்தி, படுத்தால் உள்ளே போய்விடும் ஹெர்னியாவுக்குச் சில வாரம் யோசிக்க நேரம் தாராளமாக உண்டு.

சர்ஜனிடம் நேரில் கேளுங்கள். ஹெர்னியாவை ரோபோவில் செய்ய இந்த ஆஸ்பத்திரி உங்களுக்கு எழுத்தில் அனுமதி கொடுத்திருக்கிறதா? இதே ஆபரேஷனை இதே முறையில் எத்தனை செய்திருக்கிறீர்கள்? அன்றைக்கு மேஜையில் வேறு யார் இருப்பார்கள், அவர் யாருடைய ஆள்? நல்ல சர்ஜன் கோபப்படமாட்டார். நான் பார்த்தவரை, நிறையச் செய்தவர்களுக்கு எண்ணிக்கை நுனிநாக்கில் இருக்கும்.

இன்னொன்றும் கேளுங்கள்: ரோபோ இல்லாமல் செய்தால் என்ன குறை? 2020-ல் 102 பேரை வைத்து, கவட்டை ஹெர்னியாவில் ரோபோவையும் சாதாரண லேப்ராஸ்கோப்பியையும் ஒப்பிட்டார்கள். நோயாளிக்குக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. நேரம் மட்டும் 40 நிமிடத்திலிருந்து 75 நிமிடமாக நீண்டது, செலவும் ஏறியது. உங்கள் சர்ஜன் லேப்ராஸ்கோப்பியிலோ திறந்தோ இதை நூற்றுக்கணக்கில் செய்தவராக இருந்தால், “பழைய மாதிரியே செய்துவிடுங்கள் டாக்டர்” என்று சொல்லுங்கள்.