குள்ளம் பரம்பரையா? மலையகக் குழந்தைகளின் ஊட்டம் பற்றிய கேள்வி பதில்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் குடும்பநல மருத்துவிச்சியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் பதிலளிக்கிறார்.

மஸ்கெலியா: ஒன்றரை வயது மகளின் எடை ஏறவில்லை. எந்தச் சத்துமா நல்லது?

முதலில் கிளினிக்கில் அவளுடைய உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். காய்ச்சலில் குறைந்த எடை சில வாரங்களில் மீளும். வயதுக்குரிய உயரம் இல்லையென்றால் பற்றாக்குறை நெடுநாளாக இருக்கிறது என்று பொருள். ரொட்டியும் சம்பலும் பசியை அடக்கும், பிள்ளையை வளர்க்காது. பருப்புச் சோற்றில் இடித்த நெத்தலியும் ஒரு கரண்டித் தேங்காயெண்ணெயும் சேருங்கள்; முடிந்த நாட்களில் முட்டை கொடுங்கள். கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷ கிடைத்தால் அதை வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடித்துப் பகிராமல் அவளுக்கே வையுங்கள். புட்டியில் சாயத்தண்ணீர், அதாவது பாலில்லாத் தேநீர், ஊற்றவே வேண்டாம். தேயிலை உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது.

அட்டன், ஆசிரியர்: நம்மவர்கள் பரம்பரையாகவே குள்ளமானவர்கள்தானே?

இந்த எண்ணம்தான் எங்கள் பிள்ளைகளுக்குப் பெருங்கேடு செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலும் நல்ல உணவும் சுகாதாரமான சூழலும் கிடைத்த குழந்தைகளை அளந்து, 2006இல் வளர்ச்சி நியமங்களை வெளியிட்டது. ஐந்து வயது வரை டில்லிக் குழந்தையும் ஒஸ்லோக் குழந்தையும் ஏறத்தாழ ஒரே சீராக வளர்ந்தார்கள். 2016ஆம் ஆண்டின் தேசிய அளவாய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பேரில் சுமார் 17 பேர் வயதுக்குரிய உயரமற்றவர்கள். தோட்டத்துறையில் அது சுமார் 32. இந்த இடைவெளியை இரத்தம் உண்டாக்கவில்லை. கூலியும் லயம் என்ற வரிசை வீடுகளும் தண்ணீரும் உண்டாக்கின.

அதே ஆசிரியர்: தாயும் குள்ளம், பிள்ளையும் குள்ளம் என்று கண்ணால் காண்கிறோமே?

அந்தத் தாய் எப்படிக் குள்ளமானாள் என்று கேளுங்கள். சிறுவயதில் அரைவயிற்றோடு வளர்ந்து, இரத்தச்சோகையோடு கருவுற்று, நிறைமாதம் நெருங்கும் வரை மலையேறிக் கொழுந்தெடுத்தவளுக்கு எடை குறைந்த பிள்ளை பிறப்பது பரம்பரை நோயல்ல. வறுமை தலைமுறை தாண்டி வருகிறது, அவ்வளவுதான்.

பதுளை: மகனின் எடை ஏற எந்தச் சத்துமா?

மஸ்கெலியாவுக்குச் சொன்னதே உங்களுக்கும். உயரத்தை அளக்கச் சொல்லுங்கள், சாயத்தண்ணீரை நிறுத்துங்கள்.

தலவாக்கலை: உயரம் குறைந்தால் படிப்பு கெடுமா?

உயரம் வெளியே தெரியும் அடையாளம் மட்டுமே. அதே பற்றாக்குறை மூளையையும் தாக்குகிறது. ஆனால் கைவிட வேண்டாம். யமைக்காவில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்கு இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் பணியாளர்கள் சென்று, பிள்ளையோடு பேசவும் விளையாடவும் தாய்மாருக்குப் பழக்கினார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அப்பிள்ளைகள், அந்த உதவி கிடைக்காத பிள்ளைகளைவிடச் சுமார் 25 வீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். உங்கள் பிள்ளையோடு பேசுங்கள், பாட்டுப் பாடுங்கள்.

நோர்வூட்: கூலி எப்போது உயரும்?

அதைத் தொழிற்சங்கத்திடம் கேளுங்கள்.

பொகவந்தலாவை: ஐந்து மாதப் பிள்ளையை மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) விட்டு வேலைக்குப் போகிறேன். பால்மா கொடுக்கலாமா?

வேண்டாம். ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். காலையில் பீய்ச்சிச் சுத்தமான மூடிய பாத்திரத்தில் வைத்தால் நான்கு மணி நேரம் கெடாது. கோப்பையால் புகட்டச் சொல்லுங்கள். ஒரு வயது வரை பாலூட்டுவதற்காக வேலைநாளில் இரண்டு இடைவேளைகள் சட்டப்படி உங்களுக்கு உண்டு. மடுவம் உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரைமணி நேரம். கங்காணி மறுத்தால் உங்கள் பகுதி மருத்துவிச்சியையும் அழைத்துக்கொண்டு தோட்ட நிர்வாகியான துரையிடம் போய்க் கேளுங்கள்.