நடந்தால் வலி, நின்றால் சரி

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. சர்க்கரை உண்டு, பீடியையும் விட்டபாடில்லை. பஸ் ஸ்டாப் வரை நடப்பதற்குள் வலது ஆடுசதை இறுகிப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது. வாயு என்று தைலம் தேய்த்துப் பார்த்தோம். வெரிகோஸ் சாக்ஸ் வாங்கிப் போடலாமா?
– வாசகி, அனுப்பானடி

பதில்: சாக்ஸ் வேண்டாம். அது சிரைகளுக்கானது, அதாவது காலிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களுக்கு. இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாயான தமனி அடைத்திருக்கும் காலில் அதை மாட்டினால் போகிற கொஞ்ச ரத்தமும் குறைந்து புண்ணாகிவிடும்.

நீங்கள் சொல்லும் அறிகுறி தமனி அடைப்பைத்தான் காட்டுகிறது. நடக்கும்போது தசைக்கு ரத்தம் கூடுதலாக வேண்டும்; குறுகிய குழாயால் கொடுக்க முடியாது. நின்றதும் தேவை குறைவதால் வலி அடங்கும். தண்டுவடத்தில் நரம்பு நெருக்கப்பட்டாலும் நடக்கையில் கால் வலிக்கும், ஆனால் அந்த வலி சும்மா நின்றால் போகாது. உட்காரவோ முன்னால் குனியவோ வேண்டும். சிரை புடைத்துக்கொள்ளும் வெரிகோஸ் வலி வேறு ரகம். வெகுநேரம் நின்றால் காலில் பாரம் ஏறும், காலைத் தூக்கி வைத்தால் குறையும்.

உறுதிசெய்ய ஒரு எளிய சோதனை உண்டு. படுக்கவைத்து, கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைக் கையில் எடுத்த மேல் எண்ணால் வகுப்பார்கள். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் 0.7. விகிதம் 0.9 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அடைப்பு என்று கொள்வார்கள். சர்க்கரைக்காரர்களிடம் ஒரு சிக்கல்: குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடுவதால் எண் 1.4-ஐத் தாண்டியும் காட்டலாம். 'நல்லாத்தான் இருக்கு' என்று திரும்பிவிடாமல் கால் கட்டைவிரல் அழுத்தமோ ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனோ கேளுங்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போனாலும் தனியாரிடம் போனாலும் ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். காலில் படிந்த கொழுப்பு இதயத்திலும் மூளையிலும் படியாமல் இருக்காது. இந்த நிலையில் இருப்பவர்களுக்குக் கால் போவதைவிட மாரடைப்பு வரும் வாய்ப்பே அதிகம். அதனால்தான் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் சுமாராக இருந்தாலும் மருத்துவர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெலும் எழுதுவார். 'கால் வலிக்கு எதுக்கு இதய மாத்திரை' என்று நிறுத்திவிடாதீர்கள்.

பீடியை அடியோடு விட வேண்டும். 'ஒரு நாளைக்கு ரெண்டு மட்டும்' என்ற பேரம் இங்கே எடுபடாது. அடுத்தது நடை. உங்களுக்குத் தெப்பக்குளம் பக்கம், சாயங்காலம் சுற்றுச்சுவரை ஒட்டி நடக்கட்டும். வலி வந்ததும் நிற்காமல், நன்றாகப் பிடிக்கும்வரை போய், பிறகு நின்று, முழுக்க விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். ஓய்வையும் சேர்த்து 30 முதல் 45 நிமிடம், வாரம் 3 நாளாவது, 12 வாரம். வலித்தால் கெடுதல் என்று பயந்து பலர் பாதியில் விடுகிறார்கள். அந்த வலி காலைக் கெடுக்காது; நடக்க நடக்கத் தூரம்தான் கூடும். ஆனால் நடக்கும்போது நெஞ்சு இறுகினால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சூடான எண்ணெய், வெந்நீர் ஒத்தடம் இரண்டையும் நிறுத்துங்கள். சர்க்கரையால் மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் போட்டால் ஆறவும் ஆறாது. மத்தியான வெயிலில் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு நடப்பதும் அதே ஆபத்துதான். இரவில் படுத்திருக்கும்போதே வலித்து, காலைத் தொங்கவிட்டால் அடங்கினால் அடைப்பு முற்றிவிட்டது என்று பொருள். கால் திடீரென்று சில்லிட்டு வெளுத்து மரத்துப்போனால் 108-ஐக் கூப்பிடுங்கள். காலைக் காப்பாற்ற ஏறக்குறைய 6 மணி நேரமே உண்டு.

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வந்து பார்த்தால் பிரஷர் 150/90. வீட்டு மிஷினில் 128/80. எதை நம்புவது?
– வாசகர், திருமங்கலம்

பதில்: ஒற்றை எண் எதையும் நம்ப வேண்டாம். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை, ஒரு நிமிட இடைவெளியில் 7 நாள் பாருங்கள். முதல் நாளைக் கழித்துவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டால் அதிகம். மாத்திரை போட்ட பிறகு மட்டும் பார்ப்பவர்களுக்கு மிஷின் நல்ல செய்தியே சொல்லும்!

பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய 5 நிமிடம் உட்காருங்கள். பட்டை வெறும் கையில், இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் எண் பொய்யாக ஏறும். அளக்கும்போது பேச்சும் கூடாது. அந்த அக்காவோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே கையை நீட்டினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். எப்படியானாலும் மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

கேள்வி: இந்துப்பு போட்டால் பிரஷர் ஏறாதாமே?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: ஏறும். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். எந்த உப்பானாலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேர்த்தி. கடையில் விற்கும் 'குறை சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன், ராமிப்ரில் ஆகிய பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தாறுமாறாகும்.