தந்தத்தில் தீட்டிய முகங்கள்: ரிச்சர்ட் காஸ்வே குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கையடக்கச் சிற்றோவியங்கள் தீட்டிய ஆங்கில ஓவியர் ரிச்சர்ட் காஸ்வேயை ரீஜன்சி காலத்து ஓவியர் என்கிறார்கள். ரீஜன்சி என்பது மன்னருக்குப் பதிலாக இளவரசர் பிரிட்டனை ஆண்ட, 1811 முதல் 1820 வரையிலான காலம்தானே? அப்போது காஸ்வே எழுபதை நெருங்கிய முதியவர். அவரை அக்காலத்து ஓவியர் என்பது பொருந்துமா?

பதில்: ஐயம் நியாயமானதே. இங்கிலாந்தின் டெவனிலுள்ள டிவர்ட்டனில் 1742-இல் பிறந்த காஸ்வே, 1771-இலேயே லண்டனின் கலைக்கழகமான ராயல் அகாடமியின் முழு உறுப்பினராகி, 1785-இல் வேல்ஸ் இளவரசரின் (பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னர்) முதன்மை ஓவியரானார். தந்தையான மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநலம் குன்றியபோது ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர் அந்த இளவரசரே. அவருடைய வட்டத்தினரை நாம் இன்று காஸ்வேயின் கண்களால்தான் பார்க்கிறோம். விந்தை என்னவென்றால், இளவரசர் ஆட்சிக்கு வந்த வேளையில் ஓவியரின் செல்வாக்கு தேய்ந்துவிட்டது. 1821-இல் அவர் காலமானார்.

கேள்வி: அவர் வரைந்த முகங்கள் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தோன்றுவது எதனால்?

பதில்: தீட்டாமல் விட்ட இடங்களால் என்பேன். யானைத் தந்தத்தை மெல்லிய தகடாக அறுத்து, அதன் எண்ணெய்ப் பசையைப் போக்கி, நுரைக்கல் தூளால் தேய்த்தால்தான் நீர்வண்ணம் அதில் ஒட்டும். வண்ணத்தோடு வேலம் பிசினும் சேர வேண்டும். முந்தைய ஓவியர்கள் தந்தம் முழுவதையும் நிறத்தால் மூடிவிட முயன்றார்கள். காஸ்வேயோ வண்ணத்தை நீர்க்க விட்டு, தந்தத்தின் வெண்மையையே தோலின் நிறமாக்கினார்; பின்னணியில் நீல வானத்தையும் வெண்முகிலையும் ஓரிரு இழுப்புகளில் முடித்துவிட்டு, கண்களில் மட்டும் நுணுகி உழைத்தார். கண்களைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டுவார் என்பதும் உண்மைதான். முகத்துதி என்று அதைக் குறை சொல்வோர் உண்டு. நான் அவ்வளவு கடுமையாக மதிப்பிட மாட்டேன்.

கேள்வி: அவருடைய மனைவியும் ஓவியரா?

பதில்: ஆம். 1781-இல் அவரை மணந்த மரியா, புளோரன்ஸில் பிறந்தவர். பிற்காலத்தில் இத்தாலியின் லோதி நகரில் பெண்களுக்கான பள்ளியை நிறுவி, 1838-இல் அங்கேயே மறைந்தார்.

கேள்வி: அக்காலச் சிற்றோவியர் எவரேனும் சென்னைக்கு வந்ததுண்டா?

பதில்: ஜான் ஸ்மார்ட் வந்தார். காஸ்வேயோடு இளமையில் ஒரே ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், 1785 முதல் 1795 வரை சென்னையில் தங்கி, ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவையும் அவருடைய மகன்களையும் வரைந்தார். இந்தியாவில் தீட்டியவற்றில் தம் பெயரின் முதலெழுத்துகளோடு இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தையும் சேர்த்துக் கையொப்பமிட்டதால், அவற்றை அடையாளம் காண்பது எளிது. காஸ்வே பெருமளவும் படத்தின் பின்புறத் தாளிலேயே நீண்ட லத்தீன் வாசகத்தோடு ஒப்பமிட்டார். சுருக்கமும் துல்லியமும் ஸ்மார்ட்டின் இயல்பு. முகச்சுருக்கத்தைக்கூட அவர் மறைப்பதில்லை.

கேள்வி: இத்தகைய படத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாமா?

பதில்: வெளிச்சத்தில் மாட்டாதீர்கள். கன்னத்துச் சிவப்பு முதலில் வெளிறும். ஈரப்பதம் ஏறி இறங்கினால் தந்தம் வளைந்து விரிசல் விடும். இவை மார்பில் அணியவும் பேழைக்குள் மூடி வைக்கவும் செய்யப்பட்டவை. நான்காம் ஜார்ஜ் 1830-இல் இறந்தபோது, தாம் இரகசியமாக மணந்த மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டின் சிற்றோவியம் அவருடைய விருப்பப்படி கழுத்தில் இருக்கவே அடக்கம் செய்யப்பட்டார்.