பிரிவியூஸ் கோப்புறையை அழிக்கலாம், கேட்டலாக்கைத் தொடாதீர்கள்

லைட்ரூமின் பிரிவியூஸ் கோப்புறை இடத்தை அடைக்கிறது, அழித்தால் திருத்தங்கள் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். அழிக்கலாம், கல்யாணப் படங்களில் நீங்கள் செய்த திருத்தங்கள் போகாது. படங்களைத் திருத்தவும் அடுக்கவும் உதவும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் அவை ‘எல்ஆர்கேட்’ என்று முடியும் கேட்டலாக் கோப்பில், அதாவது அதன் பதிவேட்டில், இருக்கின்றன. உங்கள் வண்ணாரப்பேட்டை ஸ்டுடியோ கணினியில் 90 ஜிபியை அடைத்திருக்கும் ‘பிரிவியூஸ்.எல்ஆர்டேட்டா’ வெறும் முன்னோட்டங்கள்தான். மூலப் படங்கள் இருந்தால் மென்பொருளே மறுபடி உருவாக்கிக்கொள்ளும்.

இவ்வளவு பெருத்ததற்கு முழு அளவு முன்னோட்டங்களே காரணமாக இருக்கும். கேட்டலாக் அமைப்புகளில் அவற்றை 30 நாளில் நீக்கும்படி வைத்திருக்கிறீர்களா, நீக்கவே வேண்டாம் என்றா? பாருங்கள்.

உடனே அழித்துவிடாதீர்கள். லைட்ரூமை மூடிவிட்டு அந்தக் கோப்புறையை வெளி வட்டுக்கு நகர்த்துங்கள். மறுபடி திறந்ததும் படங்களின் கட்டங்கள் சாம்பல் நிறமாகத் தெரியலாம், பதற வேண்டாம். பழைய படம் ஒன்றைப் பெரிதாக்குங்கள். திருத்தத்தோடு வந்தால் அழித்துவிடலாம்.

மூலப் படங்கள் இருந்த வட்டு கெட்டிருந்தால் மட்டும் இந்தப் பிரிவியூஸ் கோப்புறையையும், படங்களின் சிறிய பிரதிகள் இருக்கும் ‘ஸ்மார்ட் பிரிவியூஸ்’ கோப்புறையையும் தொடவே தொடாதீர்கள், மிஞ்சியிருப்பது அவைதான். காசிமேட்டு மீன் ஏலத்தை விடியற்காலையில் எடுத்த படங்களை நான் அப்படித்தான் இழந்தேன். ஈரமான வஞ்சிரத்தின் முதுகில் விளக்கொளி வழுக்கிய ஒரு படம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.