பார்க்கின்சன் ஆராய்ச்சியில் உண்மையிலேயே ஏதாவது நகர்ந்திருக்கிறதா?

நீங்கள் கேட்டிருப்பது: "அம்மாவுக்குப் பார்க்கின்சன் என்று போன மாதம் சொன்னார்கள். வயது 61. தேடிப் பார்த்தால் பாதிப் பேர் குணமாகிவிடும் என்கிறார்கள், மீதிப் பேர் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். எதை நம்புவது?"

இரண்டையும் நம்ப வேண்டாம். இந்த நோயைத் தடுத்து நிறுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இதுவரை எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி உங்களைத் தேடி வரப்போகும் விளம்பரங்கள் வேறு மாதிரி பேசும். அதற்காக ஆராய்ச்சி நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றும் நினைக்காதீர்கள். கடந்த சில ஆண்டுகளில் நடந்த பெரிய காரியம் ஒரு மருந்து அல்ல, ஒரு பரிசோதனை. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல்.

நான் மருத்துவர் இல்லை. அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்து ஒன்பது வருடம் ஆகிறது. கூடவே இருந்து பார்த்ததையும், தேடித் தேடிப் படித்ததையும்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு முதலில் வந்தது நடுக்கம் இல்லை, இடது தோளில் வலி. தோள்மூட்டு இறுகிப்போயிருக்கிறது என்று சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் பிசியோதெரபி கொடுத்தார்கள். நடக்கும்போது அந்தக் கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவருடைய டைரியை இப்போது எடுத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது: ஒவ்வொரு வரியும் நல்ல பெரிய எழுத்தில் தொடங்கி, வலது ஓரத்துக்குப் போகப் போகப் பொடிப்பொடியாகச் சுருங்குகிறது. அதற்கும் பல வருடம் முன்பே தூக்கத்தில் கத்துவார், காலை உதைப்பார், ஒரு முறை கட்டிலிலிருந்தே விழுந்துவிட்டார். அம்மா வேறு அறையில் படுக்க ஆரம்பித்தார். அடுப்பில் பாத்திரம் தீய்ந்து வீடு முழுக்க நாற்றம் பரவியபோதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வயசாகிறது என்று விட்டுவிட்டோம்.

கனவில் வருவதையெல்லாம் கைகாலால் நடித்துக்காட்டும் அந்தத் தூக்கக் கோளாறு, மோப்பம் போவது, மலச்சிக்கல் ஆகியவை நடுக்கத்துக்குப் பத்து வருடம் முன்னாலும் வரலாம் என்று இப்போது நன்றாகத் தெரியும். கை நடுங்கத் தொடங்கும் நேரத்தில் மூளையின் கருநிறப் பொருள் என்ற பகுதியில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் ஏற்கெனவே பெருமளவு அழிந்திருக்கும். நாம் நோயின் தொடக்கம் என்று நினைப்பது உண்மையில் அதன் நடுப்பகுதி.

ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனில் இந்த நோயைப் பற்றி எழுதியது 1817-இல். அன்றிலிருந்து இருநூறு வருடமாக, மருத்துவர் கண்ணால் பார்த்து, கையை மடக்கி நீட்டிப் பார்த்துத்தான் சொல்லிவந்தார். டோபமின் நரம்பு முனைகள் குறைந்திருப்பதை ஸ்கேன் காட்டும். ஆனால் நோயின் மூலமாகக் கருதப்படும் ஆல்பா-சைனுக்ளின் என்ற புரதம் கோணலாக மடிந்து கட்டியாகிக் கிடப்பதை, இறந்தபின் மூளையை வெட்டிப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடிந்தது.

அது மாறியிருக்கிறது. கோணலாக மடிந்த சைனுக்ளினுக்கு ஒரு குணம் உண்டு: பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடித்துவிடும். உப்புக் கரைசலில் ஒரு சின்னப் படிகத்தைத் தொங்கவிட்டால் சுற்றியுள்ள உப்பெல்லாம் அதைப் பற்றிக்கொண்டு வளருமே, அது மாதிரி. நோயாளியின் முதுகுத்தண்டு நீரில் கொஞ்சம் எடுத்து, அதில் நல்ல சைனுக்ளினைக் கலந்து குலுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். கெட்ட விதை துளி இருந்தாலும் போதும், அது பெருகிக் கருவியில் தெரிந்துவிடும். நோயின் குணத்தை வைத்தே நோயைப் பிடிக்கிறார்கள்.

2023-இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்த ஆய்வில் 1,100-க்கும் மேற்பட்டவர்களை இப்படிச் சோதித்தார்கள். பார்க்கின்சன் உள்ளவர்களில் நூற்றுக்கு 88 பேர் அளவில் சரியாகப் பிடித்தது. மோப்பமும் போயிருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 99. எல்.ஆர்.ஆர்.கே.2 என்ற மரபணு மாற்றத்தால் நோய் வந்தவர்களில் மட்டும் மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்தப் புரதம் தென்படவில்லை. ஒரே பெயரில் நாம் கூப்பிடுவது ஒரே நோய்தானா என்ற கேள்வியை அந்த ஒரு எண் எழுப்பிவிட்டது. நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸின் அறக்கட்டளை 2010-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில் சேர்ந்து, திரும்பத் திரும்ப முதுகில் ஊசி குத்திக்கொண்டவர்கள் கொடுத்த மாதிரிகள் இவை. அவர்களை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

அடுத்த வருடமே, 2024-இல், தோலில் பார்க்கும் முறையைப் பற்றி ஜாமா இதழில் எழுதினார்கள். கழுத்து, தொடை, கணுக்கால் என்று மூன்று இடங்களில் சின்னதாகத் தோலை எடுத்து, அங்குள்ள நரம்பில் இந்தப் புரதம் படிந்திருக்கிறதா என்று பார்ப்பது. பார்க்கின்சன் உள்ளவர்களில் நூற்றுக்கு 93 பேருக்குத் தெரிந்தது. நோய் இல்லாதவர்களில் 3 பேருக்கு. மல்டிபிள் சிஸ்டம் அட்ரோபி, லூயி பாடி டிமென்ஷியா போன்ற உறவுக்கார நோய்களிலும் இதே புரதம் தெரிவதால், எந்த நோய் என்று பிரித்துச் சொல்ல மருத்துவரின் அனுபவம்தான் இன்னும் வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு இதை உடனே எடுத்தாக வேண்டும் என்று அலைய வேண்டாம். நரம்பியல் மருத்துவருக்குச் சந்தேகம் இல்லை, மாத்திரையும் கேட்கிறது என்றால், இந்தப் பரிசோதனையால் இன்றைய சிகிச்சை மாறப்போவதில்லை.

ஜாய் மில்ன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணியின் கதையையும் சொல்ல வேண்டும். கணவரின் உடல் வாசனை மாறிவிட்டதை, அவருக்குப் பார்க்கின்சன் என்று தெரிவதற்குப் பல வருடம் முன்பே அவர் உணர்ந்திருந்தார். ஆய்வாளர்கள் பலர் அணிந்த டி-ஷர்ட்டுகளைக் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். நோயே இல்லாத ஒருவருடைய சட்டையையும் நோயாளியுடையது என்று பிடிவாதமாகச் சொன்னார். சில மாதம் கழித்து அந்த மனிதருக்கும் பார்க்கின்சன் என்று தெரியவந்தது! மான்செஸ்டரில் பெர்டிடா பாரனின் குழு அந்த வாசனைக்குக் காரணமான பொருட்களைத் தோலின் எண்ணெய்ப் பசையில் தேடிக்கொண்டிருக்கிறது.

சரி, கண்டுபிடித்து என்ன பயன், மருந்து எங்கே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நீரிழிவுக்குத் தரும் எக்செனடைட் ஊசி பார்க்கின்சனின் வேகத்தைக் குறைக்கலாம் என்று முதல்கட்ட ஆய்வுகள் சொன்னபோது அதை எவ்வளவு ஆசையோடு பின்தொடர்ந்தேன் என்று சொல்லி முடியாது. 194 பேர், 96 வாரம். 2025-இல் முடிவு வந்தது: மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அன்று இரவு அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சைனுக்ளினைக் குறிவைத்து ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரத மருந்துகளில் சின்பனெமாப் அதற்கு முன்பே தோற்றிருந்தது. பிரசினெசுமாப் தன் முக்கிய இலக்கை எட்டாவிட்டாலும், சில அறிகுறிகள் நம்பிக்கை தந்ததால் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறது.

ஒவ்வொரு தோல்வியிலும் அதே கேள்விதான் மிஞ்சியது: மருந்தே சரியில்லையா, செல்கள் அழிந்தபின் தாமதமாகக் கொடுத்தோமா, வேறு வேறு நோய்களைக் கொண்டவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டோமா? இனி அந்தப் புரதம் இருப்பவர்களை மட்டும், நடுக்கம் வரும் முன்பே தேர்ந்தெடுத்துச் சோதிக்க வழி பிறந்திருக்கிறது. பரிசோதனையை வாசல் என்று சொன்னது இதனால்தான்.

வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய ஸ்டெம் செல் பற்றி உங்கள் காதில் நிறைய விழும். உண்மையில் நடந்தது இது: 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஜப்பானின் கியோட்டோவில் 7 பேருக்கும், வட அமெரிக்காவில் 12 பேருக்கும், ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த, டோபமின் செல்களாக மாறக்கூடிய முன்னோடி செல்களை மூளையில் வைத்தார்கள். செல்கள் உயிரோடு இருந்தன, டோபமினும் சுரந்தன, பெரிய ஆபத்து எதுவும் நேரவில்லை. சிலருக்கு உடல் அசைவு மேம்பட்டது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க சிகிச்சை பெறாத குழு இல்லை, இந்த நோயில் அது மிக முக்கியம். குணமாகப்போகிறோம் என்ற எதிர்பார்ப்பே நோயாளியின் மூளையில் டோபமினைச் சுரக்க வைக்கிறது என்று 2001-லேயே கனடாவில் ஸ்கேன் எடுத்துக் காட்டிவிட்டார்கள். அதனால்தான் வட அமெரிக்கக் குழுவின் மூன்றாம் கட்டச் சோதனையில் ஒரு பகுதியினருக்குச் செல்களை வைக்காமல் ஒப்புக்கு மட்டும் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். இந்தச் செய்தி வந்த வாரத்திலேயே எங்களுக்கு ஒரு தனியார் மையத்திலிருந்து போன் வந்தது, பணம் கட்டினால் ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்று. அப்படி யாராவது கூப்பிட்டால் தயவுசெய்து போகாதீர்கள். உண்மையான ஆய்வில் சேருபவரிடம் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் பணம் கேட்க மாட்டார்கள்.

இன்றைக்கே கைக்கு எட்டும் முன்னேற்றங்கள் அறிகுறிகளைக் கட்டுப்படுத்துவதில்தான் இருக்கின்றன. மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரையில் வருடம் போகப் போக, மருந்து வேலை செய்யும் "ஆன்" நேரம், செய்யாத "ஆஃப்" நேரம் என்று நாள் துண்டு துண்டாகும். அப்பாவுக்கு மாலை நாலு மணி வாக்கில் மருந்தின் வேகம் இறங்கும். சட்டைப் பொத்தானைத் துளைக்குள் கொண்டுபோன விரல் அப்படியே நிற்கும். அறை வாசலில் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். வாசலுக்குக் குறுக்கே கலர் டேப் வரிவரியாக ஒட்டினோம். கோட்டைப் பார்த்துத் தாண்டு என்றால் அதே கால் தாண்டுகிறது! இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்க, மருந்தைத் தோலடியில் நாள் முழுக்கச் செலுத்தும் சிறு பம்பை 2024-இல் அமெரிக்கா அனுமதித்தது. மூளையில் மின்கம்பி வைக்கும் டி.பி.எஸ். சிகிச்சை 1987-இல் பிரான்சின் கிரெனோபிளில் பெனாபிட் தொடங்கியது. மூளை அலைகளைப் படித்துத் தானே மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் புது வகைக்கு 2025-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எல்லோருக்கும் பொருந்தாது. ஆரம்பத்தில் அம்மாவுக்கு இவை எதுவும் தேவைப்படாது.

லெவோடோபாவை "பிறகு தேவைப்படும், இப்போதே தீர்த்துவிடக் கூடாது" என்று பயந்து தள்ளிப்போடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். 445 பேரை வைத்து நெதர்லாந்தில் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டியே தொடங்கியவர்களுக்கு நோய் வேகமாகவும் முற்றவில்லை, மெதுவாகவும் ஆகவில்லை. கஷ்டம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆரம்பித்தபின் திடீரென நிறுத்துவதுதான் ஆபத்து.

உடற்பயிற்சியை அறிவுரை என்று ஒதுக்காதீர்கள், அதற்கும் ஆய்வு இருக்கிறது. 2018-இல் 128 பேரை வைத்துச் செய்ததில், இதயத் துடிப்பு உச்சத்தின் 80 முதல் 85 சதவீதம் வரை ஏறும்படி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் அசைவு மதிப்பெண் ஏறக்குறைய அப்படியே இருந்தது. வழக்கம் போல இருந்தவர்களுக்கு மூன்று புள்ளி மோசமானது. அது நோயையே மெதுவாக்குகிறதா என்று பெரிய ஆய்வு நடக்கிறது. இதயத்தைப் பரிசோதித்துவிட்டு ஆரம்பிக்கட்டும்.

மற்ற மூளை நோய்களிலும் இதே திசைதான். அல்சைமருக்கு 2025-இல் முதல் ரத்தப் பரிசோதனையை அமெரிக்கா அனுமதித்தது. அதே நோய்க்கான லெக்கனெமாப் மருந்து 18 மாதத்தில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது, கூடவே மூளை வீக்கம், ரத்தக்கசிவு அபாயமும் உண்டு.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் ஒரு தாளில், மாத்திரை போட்ட நேரம், அசைவு நன்றாக இருந்த நேரம், இறங்கிய நேரம் மூன்றையும் ஒரு வாரத்துக்கு எழுதுங்கள். அப்புறம் அம்மா தூக்கத்தில் கத்துவாரா, எத்தனை வருடமாக என்று அவர் பக்கத்தில் படுப்பவரிடம் கேட்டு, அதையும் மேலேயே எழுதிக் கொண்டுபோங்கள். எங்களிடம் யாரும் அதைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.